சந்தா பெண்களுடையது, கையொப்பம் ஆண்களுடையது

மலைநாட்டு வழித்தடங்கள்: 17

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கேட்டுப் போனவர்களிடம் டொனமூர் பிரபு ஒரு குறுக்குக் கேள்வி போட்டார். தோட்டங்களில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறீர்களா என்றார். பதில் சொல்லவேண்டியவர் அக்னஸ் டி சில்வா. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று தயங்காமல் சொல்லிவிட்டார்.

இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் கொழும்பில் வந்திறங்கி, 1928 ஜனவரியில் கப்பலேறிப் போனது. அதன் முன் சாட்சியம் அளிப்பதற்காகவே 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அவசர அவசரமாக உருவானது. பறங்கிக் குடும்பத்தில் பிறந்த அக்னஸ், கண்டி அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி. கண்டியிலிருந்து மாத்தளை பதினாறு மைல். அந்தப் பதினாறு மைலுக்கு அப்பால் எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் கம்மடுவையிலும் கூடை சுமந்து நின்றவர்களுக்கு, தங்கள் சார்பில் ஒரு சீமாட்டி இப்படிப் பதில் சொன்னது தெரிந்திருக்க வழியில்லை.

எதிர்த்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். சர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதை ஏற்கவில்லை. எல்லோருக்கும் வாக்கு என்பதையே அவர் ஏற்கவில்லை. ஆணைக்குழு நடுவழியில் நின்று, ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்கு என்று பரிந்துரைத்தது. கடைசியில் சட்டமாகும்போது இருபாலாருக்கும் 21 என்று ஆனது. 1931 ஜூனில் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். இங்கிலாந்துப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்றே அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இந்தியத் தொழிலாளர்களுக்கு மட்டும் வதிவிடம், நிரந்தரக் குடியிருப்புச் சான்று என்று வேலிகள் போடப்பட்டன. அவற்றைத் தாண்டி ஏறத்தாழ ஒரு லட்சம் இந்தியர்கள் பட்டியலில் ஏறினார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இந்தத் தொடரில் இதுவரை துரை, பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை என்று ஆண்களே வரிசையாக வந்துபோனார்கள். ஆவணங்கள் அப்படி. பெண்கள் அவற்றில் தலைக்கணக்காக வருகிறார்கள், வயது வருகிறது, சம்பளம் வருகிறது. பேச்சு வருவதில்லை. மலையகப் பெண் பேசாதவள் என்று இதை வைத்து முடிவுகட்டினால் தவறு. பேசியதை எழுதிவைக்கும் இடத்திலும், பேசி முடித்ததற்குக் கையொப்பம் போடும் இடத்திலும் அவள் உட்கார வைக்கப்படவில்லை. நூற்றைம்பது ஆண்டுக் கதையை இந்த ஒரு நூலில் கோத்துப் பார்க்கலாம்.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய கூட்டம் காடு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு ஏறியது. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. தொடக்கத்தில் வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. கோப்பிக்கு அறுவடைப் பருவத்தில்தான் ஆள் வேண்டும், பழம் பறித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம். தேயிலைக்கு அது சரிப்படாது. கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்க்கும், வாரத்துக்கு ஒருமுறை கை படவேண்டும். கோப்பி நோயில் அழிந்து தேயிலை ஏறியபோது துரைமாருக்குப் பெண்களும், பெண்கள் தங்குவதற்குக் குடும்பமும் தேவைப்பட்டன. 1880இல் மாத்தளை வரை ரயில் வந்துவிட்டது. லயங்கள் நிரந்தரமாயின.

அக்காலத்துச் சின்னத்துரைமார் தமிழ் படிப்பதற்கென்று கைநூல்கள் அச்சிட்டார்கள். அவற்றில் பெயர்பெற்ற ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’. வா, போ, நில், எடு என்று ஏவுவதற்குத் தேவையான தமிழ் அத்தனையும் ஒரு துரைக்குப் போதும். எதிரில் நிற்பவள் மூச்சுவிடாமல் ஐந்து நிமிடம் சொல்லக்கூடிய முறைப்பாட்டைப் புரிந்துகொள்ளும் தமிழ் வேறு. அதைக் கங்காணி கேட்டு, கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, அவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் துரைக்குச் சொல்வார். பெண்ணின் சொல் மூன்று ஆண்களின் வாய்வழியே போய்ச் சேர்ந்தது. அந்த மூவரில் ஒருவரைப் பற்றியே முறைப்பாடு என்றால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சம்பளத்துக்கு மட்டும் சட்டம் தெளிவாகப் பேசியது. இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி உயர்ந்த மலைப்பகுதிகளில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், குழந்தைக்கு 32 சதம் என்று வகுத்தார்கள். தாழ்ந்த இடங்களில் மூவருக்கும் அதிலும் குறைவு. கொழுந்து பறிப்பதுதான் தோட்டத்தின் உயிர், அதைப் பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனாலும் பெண்ணின் நாள் ஆணின் நாளைவிட மலிவு. அந்த மலிவுச் சம்பளத்தையும் பல தோட்டங்களில் கணவனே வரிசையில் நின்று வாங்கிப்போனான். செக்ரோலில் பேர் இவளுடையது, காசு எண்ணிய கை அவனுடையது.

இந்த ஏற்பாட்டுக்கு எதிராக மேடையேறிய முதல் பெண்குரல்களில் ஒன்று மீனாட்சி அம்மாளுடையது. தஞ்சாவூரிலிருந்து வந்து ‘தேசபக்தன்’ நடத்திய கோ. நடேசய்யரின் மனைவி என்றுதான் அவரை அறிமுகப்படுத்துவது வழக்கம், நாமும் அப்படியே செய்துவிட்டோம். அவர் அந்தப் பத்திரிகையில் பெண்களின் நிலை பற்றி எழுதினார், பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடினார். தோட்டக் கூட்டங்களில் அவர் செய்த வேலை அதைவிடப் பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு முன் சட்டத்தையும் கூலியையும் உரிமையையும் விளக்க நடேசய்யருக்கு நீண்ட சொற்பொழிவு தேவைப்பட்டது. மீனாட்சி அம்மாள் பாட்டாகப் பாடினார். மக்கள் முணுமுணுத்துப் பழகிய மெட்டுகளில் சொற்களை ஏற்றினார். கூட்டத்தைக் கலைக்கலாம், துண்டுப்பிரசுரத்தைப் பறிக்கலாம், நெஞ்சில் தங்கிவிட்ட மெட்டைப் பறிமுதல் செய்ய எந்தத் துரையாலும் முடியவில்லை. இலங்கையில் இந்தியர்களின் நிலை குறித்த அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் அச்சில் வந்தது. இந்தியர்களை வேலையிலிருந்தும் வாக்காளர் பட்டியலிலிருந்தும் தள்ளும் முயற்சிகள் வலுத்துக்கொண்டிருந்த நேரம் அது. இன்று அந்தப் பாடல்களை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பதாகத் தெரியவில்லை, அது நம் பாடநூல்களின் குறை.

1947இல் தோட்டப்பகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். ஏழு பேரும் ஆண்கள். மாத்தளைக்கு அதில் பங்கில்லை. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போயிற்று.

1948ஆம் ஆண்டின் சட்டத்தை அரசியல்வாதிகள் இனக்கண்ணோடு படித்தார்கள், சரிதான். பெண்ணின் கண்ணோடு படித்தால் இன்னொன்றும் தெரியும். பிரஜாவுரிமை தகப்பன் வழியில், அல்லது பாட்டன் வழியில் வரும். மணமான பெண் பெற்ற பிள்ளைக்குத் தாயின் பிறப்பு கணக்கில் இல்லை. மாத்தளை மண்ணிலேயே மூன்று தலைமுறைத் தாய்மார் பிறந்து செத்திருந்தாலும் அது சான்றாகாது. அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தில் கணவன் விண்ணப்பிப்பான், மனைவியும் சிறுபிள்ளைகளும் அதில் இணைப்பு. ஆனால் மனைவி இடைவிடாமல் இலங்கையில் வசித்தாளா என்பதும் சோதிக்கப்பட்டது. பிரசவத்துக்கென்று இந்தியாவிலிருந்த தாய்வீட்டுக்குப் போனவள் நீண்டகாலம் தங்கிவிட்டால் அது குடும்பத்தின் விண்ணப்பத்தையே தடுமாற வைத்தது. அவள் போன பயணம் சான்றாக எடுக்கப்பட்டது, அவள் வாய்ச்சொல்லை யாரும் கேட்கவில்லை. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை என்ற திருத்தம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் என்று சிறிமாவோ பண்டாரநாயக்காவை உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964 ஒக்டோபர் 30 அன்று, அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். பிறகு பார்த்தது 1974இல், அவரும் இந்திரா காந்தியும். ஆளுக்குப் பாதி, 75,000. அதாவது இரண்டு நாடுகளையும் இரண்டு பெண்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில்தான் கடைசிப் பங்கும் பிரிக்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். போக விருப்பமா இருக்க விருப்பமா என்று குடும்பத் தலைவனிடம் கேட்டார்கள். அவன் எந்தப் பக்கம் எழுதினானோ அந்தப் பக்கம் அவள் போனாள். தலைமன்னார் இறங்குதுறையில் கட்டிப்பிடித்து அழுத தாய், மகள், அக்கா, தங்கைகளைப் பற்றி மலையக எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆட்சியில் ஒரு பெண் இருந்தால் பெண்களின் குரல் தானாகக் கேட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் ஒருமுறை எடுத்துப் படிக்கலாம்.

மாத்தளைக்கு அந்தப் பத்தாண்டு வேறு விதத்திலும் கொடியது. காணிச் சீர்திருத்தத்தில் கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்கள் பல கைமாறின, துண்டாடப்பட்டன. வேலை பறிபோனது, அரிசி இல்லை. 1977 கலவரத்தின் பிறகு பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் நடந்தன, பூட்டன் வந்த அதே பாதையில், எதிர்த்திசையில். 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தபோது முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் கோயில் அது.

அந்தச் சாம்பல் ஆறுவதற்குள், 1984 ஏப்ரலில், தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது அமைச்சரவையில் இருந்தார், அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதே அரசாங்கத்துக்கு எதிராக நின்றது. மலையக அரசியலில் இப்படியான வினோதங்களுக்குப் பஞ்சமில்லை. விளைவு பெரிது: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம். 1927 சட்டம் போட்ட வித்தியாசம் ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்துத் தாளில் மறைந்தது.

தாளில்தான். வேலைநேரத்தைப் பார்த்தால் மிச்சம் புரியும். கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு போன்ற ஆண்களின் வேலை பெரும்பாலும் கணக்குவேலை. கொடுத்த கணக்கை முடித்தால் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகலாம். கொழுந்தெடுக்கும் பெண் விடியக்காலை பிரட்டுக்களத்தில் நின்று, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறினால், கடைசி நிறுவை முடிந்து இறங்கும்போது பொழுது சாயும். பல தோட்டங்களில் 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழை, கொழுந்து இல்லாத காலம், பராமரிக்காமல் காடேறிய மலை எல்லாம் அவள் பாடு. இறங்கியதும் பிள்ளை, தண்ணீர், விறகு, அடுப்பு. ஆணுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கே தோட்டத் தலைவரோடு சேர்ந்து கந்தோருக்குப் போய் துரையைப் பார்க்க முடிகிறது. சங்கக் கூட்டம் நடக்கும் மாலைநேரத்தில் இவள் அடுப்படியில் நிற்கிறாள். பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று சலித்துக்கொள்ளும் தலைவர்மார், கூட்டத்துக்கு நேரம் வைப்பது யார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

சந்தா மட்டும் தவறாமல் போகிறது. சம்பளத்திலேயே வெட்டிச் சங்கத்துக்கு அனுப்பிவிடும் முறை. மலையகத் தொழிற்சங்கங்களின் அங்கத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், சங்கங்களின் கட்டடமும் வாகனமும் கொடியும் அந்தக் காசில் எழுந்தவை. தலைமை மேசையைப் பார்த்தால் வெள்ளை வேட்டிகளும் காற்சட்டைகளும்தான். மாதர் அணி ஒன்று இருக்கும். மே தின ஊர்வலத்துக்கு ஆள் திரட்டுவதும், மாலை போடுவதும், முன்வரிசையில் சேலை உடுத்தி நிற்பதும் அதன் வேலை. கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை கொழும்பில் சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும். கொழுந்து எடுப்பவர்களைப் பற்றி ஒருநாளும் கொழுந்தெடுக்காத ஆண்கள் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. சிவபாக்கியம் குமாரவேலுவும், ‘தூரத்துப் பச்சை’ நாவலை எழுதிய கோகிலம் சுப்பையாவும் காங்கிரசின் மகளிர் பிரிவில் முன்னின்றவர்கள். நம் காலத்தில் செங்கொடிச் சங்கத்தின் பொதுச்செயலாளராக மேனகா கந்தசாமி வந்தார். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று தனிச் சங்கம் அமைக்கும் முயற்சியும் அந்த வட்டத்திலிருந்தே எழுந்தது. தோட்டத்தில் வருமானம் போதாமல் கொழும்பு வீடுகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறவர்களின் குரலைக் கேட்க வேறு சங்கம் இல்லாதிருந்தது.

உள்ளூராட்சிக்கு வருவோம். 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன் இலங்கையின் உள்ளூர் சபைகளில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை. 25 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் அந்தத் தேர்தலில் முதன்முறை அமலானதும் அது இருபதைத் தாண்டியது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் வட்டாரத்தில் நின்று வென்ற பெண்கள் கொஞ்சம். பெரும்பாலோர் மேலதிகப் பட்டியல் வழியாக வந்தவர்கள், அந்தப் பட்டியலிலிருந்து யார் என்று தீர்மானிப்பது கட்சிச் செயலாளர். மலையகத்தில் கட்சியும் சங்கமும் ஒரே வீட்டின் முன்கதவும் பின்கதவும். சங்கத் தலைவரின் மனம் கோணாத பெண்ணுக்குத்தான் பிரதேச சபைக் கதிரை.

மாத்தளையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நுவரெலியாவில் தமிழர் திரண்டிருக்கிறார்கள், வாக்குக்கு எடை இருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 4,84,000க்கு மேற்பட்ட சனத்தொகையில், இலங்கைத் தமிழர் இந்தியத் தமிழர் இருசாராரையும் கூட்டினாலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர். தோட்டங்கள் நக்கிள்ஸ் சரிவுகளில் தேயிலையாகவும், கீழே உக்குவளைப் பக்கம் ரப்பரும் கொக்கோவுமாகவும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கின்றன. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவிலிருந்தும் அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் வென்று, பாராளுமன்றம் புகுந்த முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் ஆனார்கள். மாத்தளையின் ஐந்து ஆசனங்களில் இரண்டு பெண்களுக்கே கிடைத்தன, ரோஹிணி குமாரி விஜேரத்னவும் தீப்தி வாசலகேயும். ஐந்தில் இரண்டு என்பது நாட்டின் சராசரியைவிட வெகு மேல். இருவரும் சிங்களப் பெண்கள். கம்மடுவையிலிருந்து ஒருத்தி அவர்களிடம் முறையிடப் போனால் மொழிபெயர்க்க ஆள் தேடவேண்டும். மூன்று ஆண்களின் வாய்வழி போன பழைய முறைப்பாடு இன்று ஒரு வாயாகக் குறைந்திருக்கிறது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி, மூதாதையர் வந்த வழியிலேயே நடந்து, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. வாழ்வதற்குப் போதிய சம்பளம், வீடும் காணியும், வீட்டு வேலையாளருக்குப் பாதுகாப்பு, அரச சேவையில் சமத்துவம் என்று கோரிக்கைகள் வைத்தார்கள். பாதையில் பெண்கள் திரளாக நடந்தார்கள், பேசினார்கள், படங்களிலும் வந்தார்கள். சில நாட்கள்தான் கடந்தன. அதே மாவட்டத்தில், அரசு நடத்தும் எல்கடுவப் பெருந்தோட்ட நிறுவனத்தின் ரத்வத்தைத் தோட்டத்தில், ஒரு குடும்பம் கட்டியிருந்த தற்காலிகக் குடிலை உதவி முகாமையாளர் இடித்துத் தள்ளினார். காணொளி பரவியது, அமைச்சர் வந்து கத்தினார், நாடு இரண்டு மூன்று நாட்கள் அதைப் பற்றிப் பேசியது. கைப்பேசிப் படம் இல்லாதிருந்தால் அந்த இடிப்பு தோட்ட எல்லையைத் தாண்டியிருக்காது. கைப்பேசி வராத காலத்தில் இடிந்த குடில்கள் எத்தனை என்பதற்கு யாரிடமும் ஏடு கிடையாது.

மாத்தளைப் பெண் தொழிலாளியின் குறைகளில் சத்தம் போடாத ஒன்று உண்டு, அதற்குக் காணொளி எடுக்க முடியாது. எல்கடுவ நிறுவனம், ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய மூன்று அரச நிறுவனங்களும் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் ஆண்டுக்கணக்காகக் கட்டாமல் நிலுவை வைத்தவை. தனியார் தோட்டத்துரை பணத்தைக் கட்டாவிட்டால் அரசின் தொழில் திணைக்களம் வழக்குப் போடும். அரசே துரையானால் வழக்குப் போடுகிறவரும் போடப்படுகிறவரும் ஒரே குடும்பம். முப்பது, முப்பத்தைந்து ஆண்டு கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவள் கந்தோருக்கும் நகரத்துத் தொழில் அலுவலகத்துக்கும் மாறி மாறி நடக்கிறாள், பஸ் காசு கொடுத்து, சிங்களத்தில் இருக்கும் படிவத்தை யாரிடமாவது காட்டி நிரப்பி. இந்த விவகாரம் பாராளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்டது. ஒவ்வொரு அரசாங்கமும் தவணைகளாகத் தருவதாகச் சொன்னது. சந்தா வெட்டு மட்டும் எந்தச் சம்பளத்திலும் நிலுவை நின்றதில்லை.

அடுத்த பகுதியில் இந்தச் சேமலாப நிதியின் கதையை, தோட்டங்கள் அரசுடைமையான 1975ஆம் ஆண்டிலிருந்து எடுத்துப் பார்ப்போம்.

(தொடரும்)